கூட்டல் குறியின் வலது பக்கம்

டோக்கன் அக்காவுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. கடைத்தெருவில் யாராவது வழிமறித்து, "நல்லா இருக்கீங்களா அக்கா?" என்று விசாரித்தால் திருதிருவென்று முழிப்பாள். எதிராளி சிரித்துவிட்டால் போதும், ஆள் யாரென்று பிடிபட்டுவிடும். மேலே முன்பற்களுக்கு நடுவில் சந்து, இடது கோரைப்பல் கொஞ்சம் தோளைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. ஆமாம், தையற்கடைக்காரர் மனைவி. "நான் செத்துக் கிடந்தாலும் வாயைத் திறந்து பாத்துட்டுத்தான் நீ அழவே ஆரம்பிப்ப" என்று அவள் கணவர் கேலி செய்வார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க முப்பது பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே இருப்பதால் வீட்டில் எதையும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வார்.

பல் டாக்டரிடம் அவள் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. காலை ஒன்பதுக்குக் கதவைத் திறப்பாள். வாய் கொப்பளிக்கிற தொட்டியைத் தேய்த்துக் கழுவுவாள். குறடுகளையும் கொக்கிகளையும் கொதிக்க வைத்துத் தட்டில் அடுக்குவாள். வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பாள். பெயர் அதனால்தான். பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து பல்லே இல்லாத கிழவர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் டோக்கன் அக்கா. டாக்டர் ஒருவருக்கு மட்டும் "இந்தாம்மா".

இவ்வளவையும் விட முக்கியமான வேலை அட்டை எழுதுவது. டாக்டர் ஒரு கையில் கண்ணாடியும் இன்னொரு கையில் கொக்கியுமாக வாய்க்குள் குனிந்திருப்பார். பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் சொல்லச் சொல்ல இவள் எழுத வேண்டும். அட்டையின் நடுவில் பெரிதாக ஒரு கூட்டல் குறி. அது வாயை நாலாகப் பிரிக்கும். மேலே இரண்டு மூலை, கீழே இரண்டு மூலை. முன்பல்லிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் ஆறாவது கடைவாய்ப்பல். "கீழ் வலது ஆறு, எடுத்தாச்சு" என்றால் அந்த மூலையில் ஆறு என்று போட்டு ஒரு பெருக்கல். அவ்வளவுதான் வித்தை.

அந்தச் செவ்வாய்க்கிழமை போலீஸ்காரர் வந்தபோதும் அவள் ஏதோ அட்டைதான் எழுதிக்கொண்டிருந்தாள். கனத்த ஆள், தொப்பியைக் கையில் வைத்திருந்தார். காத்திருந்தவர்கள் எல்லாரும் வலியை மறந்து அவரையே பார்த்தார்கள்.

"டோக்கன் வேணுமா?" என்றாள்.

"எனக்கு இல்லம்மா. எனக்கும் கடைவாயில ஒண்ணு ஆடிக்கிட்டுதான் இருக்கு, அது கெடக்கட்டும். பழைய சீட்டெல்லாம் வெச்சிருப்பீங்களா?"

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரித் தண்ணீரில் ஓர் ஆணின் எலும்புகள் கிடைத்திருந்தன. நாலு மாதத்துக்கு முன் காணாமல் போன ஒரு பெயின்டராக இருக்கலாம் என்று சந்தேகம். துணிமணி எதுவும் மிச்சமில்லை. ரத்தச் சொந்தத்தை வைத்துச் சோதனை பண்ணலாமென்றால் அவருக்கு அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை, பிள்ளையும் இல்லை. மிஞ்சியது பல்தான். கல்யாணத்துக்கு முன்னால் இந்த டாக்டரிடம் ஒரு பல்லைப் பிடுங்கி இன்னொன்றுக்கு வைத்தியமும் பார்த்ததாக அவர் எப்போதோ மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

"எத்தனை வருஷம் முன்னாடி?" என்று டாக்டர் கேட்டார்.

"பத்தொன்பது."

டாக்டருக்கு உள்ளுக்குள் பெருமை. ஒரு சீட்டைக்கூடக் கிழித்துப் போடாத மனிதர் அவர். வைத்தியம் முடிந்தவர்களின் அட்டைகளைக் கட்டி, தகரப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவது அவர் வழக்கம். போலீஸ்காரரே ஏணியில் ஏறி, தும்மிக்கொண்டே பெட்டியை இறக்கினார். டோக்கன் அக்கா கையைப் பிசைந்துகொண்டு கீழே நின்றாள். பத்தொன்பது வருடம் என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்தே அவள் அந்தப் பரணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அட்டை கிடைத்தது. கீழ் இடது ஆறு பிடுங்கியது. மேல் வலது ஆறுக்கு வேர் வைத்தியம், மூன்று தடவை வந்து முடித்திருக்கிறார். அட்டையோடு சேர்த்துக் குத்திய சின்னக் காகித உறையில் ஓர் எக்ஸ்ரே ஃபிலிம். போலீஸ்காரர் அட்டையை மேசையில் வைத்தும் ஃபிலிமை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தும் போனில் படம் எடுத்துக்கொண்டார். "கையெழுத்து முத்து முத்தா இருக்கே, யாரோடது?" என்றார்.

"இந்தம்மாதான்" என்றார் டாக்டர்.

அவள் சிரித்து வைத்தாள்.

ஒன்பது நாள் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எலும்பைப் பரிசோதிக்கிற டாக்டர், அவரும் பல் படித்தவர்தான், நேரடியாகப் பேசினார். இங்கே டாக்டர் ஒரு வாய்க்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்ததால் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் பேசினார். மண்டையோட்டில் கீழ்ப்பல் ஒன்று இல்லை. ஆனால் அது வலது பக்கம். வேர் வைத்தியம் பண்ணிய மேல்பல்லும் இருக்கிறது. ஆனால் அது இடது பக்கம். உங்கள் அட்டைக்கு நேர் எதிராக இருக்கிறதே, இடம் வலம் மாறி எழுதியிருக்க வாய்ப்புண்டா என்று கேட்டார்.

"என் அட்டையில மாறாது சார்" என்றார் டாக்டர், கையை நிறுத்தாமல். "ரொம்ப நாள் முன்னாடி ஒரு தடவை மாறிச்சு. மாறின எல்லாத்தையும் எடுத்து அப்பவே திருத்தியாச்சு. என்னம்மா?"

டோக்கன் அக்கா தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஆமா சார்" என்றாள். அந்த இரண்டு சொல் எப்படி அவ்வளவு சுலபமாக வந்ததென்று அப்புறம் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள்.

"அப்போ இது வேற ஆள்" என்றது போன். "அவரோட மனைவி சொன்ன பக்கமும் உங்க அட்டையோடதான் ஒத்துப்போகுது. ஒரு தடவை கேட்டுக்கலாம்னுதான் போன் பண்ணேன்."

நடந்தது இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டர் ஒரு காகிதத்தில் கூட்டல் குறி போட்டு, நாலு மூலையையும் காட்டி, "நான் சொல்றத இதுல எழுதணும், புரிஞ்சுதா?" என்று கேட்டார். புரிந்தது என்று தலையாட்டினாள். கீழ் வலது என்று அவர் சொன்னால் தன் வலது கைப்பக்கத்து மூலையில் எழுதினாள். வேறெங்கே எழுதுவது? ஆனால் பல் வைத்தியத்தில் அட்டை என்பது எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளின் முகம். அவருடைய வலது, பார்க்கிறவருக்கு இடது பக்கம் வரும். எதிரே நிற்கிறவரின் வலது கை நமக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, அதே கணக்கு. டாக்டருக்கு அது மூச்சு விடுவது போல. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

நாற்பத்தொரு நாள் இப்படியே ஓடியது. ஒரு வாத்தியாரம்மாவுக்கு டாக்டர் அட்டையைப் பார்த்து ஊசி போட, மரத்துப்போனது நல்ல பல் இருந்த பக்கம். அந்த அம்மா பாதி வாயால் திட்டிய திட்டு தெரு வரைக்கும் கேட்டது. அன்றைக்கு விஷயம் வெளிவந்தது. டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "இத்தனை நாள் எழுதின அட்டை எல்லாத்தையும் எடு. புது அட்டையில சரியா எழுது. பழச கிழிச்சுப் போடு" என்றார்.

அப்போது அவளுக்கு நாலாம் மாதம். கிராம்பு எண்ணெய் வாசனை பட்டாலே குமட்டும். மேசையில் இருந்தவற்றையும் அலமாரியில் இருந்தவற்றையும் இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றி எழுதினாள். பரணில் ஏற்றிவிட்ட பெட்டி பாக்கி. மாற்றி முடித்தவையும் பிறகு அதே பெட்டிக்குள்ளேயே போனதில், எது மாற்றியது எது மாற்றாதது என்பதும் கலந்துபோனது. ஏணியைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். குழந்தை பிறந்த பிறகு ஏறலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் மாத்திட்டியாம்மா?"

"மாத்திட்டேன் சார்."

இப்போது அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு முடிந்து, வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பரண் அப்படியே இருக்கிறது. ஏறியிருக்கலாம். முதலில் வேலை போய்விடுமோ என்ற பயம், அப்புறம் இனிமேல் என்ன என்ற அலுப்பு, அதற்கும் அப்புறம் அதை நினைக்காமல் இருக்கிற பழக்கம். திரும்ப வந்த பழைய நோயாளிகளின் அட்டைகளை மட்டும் அவர்கள் வாயைப் பார்த்து, டாக்டர் பார்ப்பதற்குள் சத்தமில்லாமல் சரிபண்ணிவிடுவாள். பெயின்டர் திரும்ப வரவில்லை.

ஆனாலும் இந்த அட்டை மாற்றியதாகவும் இருக்கலாம். மாற்றியதற்கும் மாற்றாததற்கும் அடையாளம் எதுவும் கிடையாது, கையெழுத்து ஒன்றுதான், மைகூட ஒன்றுதான். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கினாள்.

திங்கட்கிழமை பெயின்டரின் மனைவி வந்தாள். நாற்பதை நெருங்குகிற, மெலிந்த, நடையில் வேகமுள்ள பெண். டோக்கன் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு மேசைக்கு வந்து டோக்கன் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் அட்டை எழுதறவங்களாமே. போலீஸ்காரர் சொன்னாரு. என் வயித்துல பாலை வார்த்தீங்க அக்கா."

டோக்கன் அக்கா மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். "உக்காருங்கம்மா" என்றாள்.

"சண்டை போட்டுட்டுத்தான் போனாரு. எங்கயோ வேலை செஞ்சுக்கிட்டு இருப்பாரு, வீம்பு புடிச்ச ஆளு. அந்த எலும்பு அவரோடது இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒருத்தரும் நம்பல. என்னையும் கூப்பிட்டுக் கேட்டாங்க, எந்தப் பக்கம் மெல்லுவாருன்னு. நான்தான் தினமும் பாக்கறேனே. பல்லு இல்லாத பக்கம் சோறே போகாது. இப்படித்தான்." அவள் தன் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பக்கம்தான் உப்பிக்கிட்டு இருக்கும், குரங்கு மாதிரி. நான் கிண்டல் பண்ணுவேன்."

"சாப்பிடறப்போ பக்கத்துல உக்காருவீங்களா?" என்று டோக்கன் அக்கா கேட்டாள்.

"எங்க வீட்டுல பக்கத்துல உக்கார ஏது எடம்? எதிர எதிரதான். ரெண்டு பேர் முட்டியும் இடிக்கும்."

எதிரே. அவள் பார்த்தது எதிரே இருந்த முகத்தை. வலப்பக்கம் தெரிந்ததைத் தன் வலக் கன்னத்தில் தொட்டுக் காட்டியிருக்கிறாள். பத்தொன்பது வருடத்துக்கு முன் தான் செய்த அதே காரியம். பெயின்டரின் மனைவி பேசிக்கொண்டே இருந்தாள். யாருமில்லாத அந்தப் பிணத்தை வெள்ளிக்கிழமை நகராட்சியே புதைத்துவிடப் போகிறதாம். "பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்றாள் போகும்போது.

அன்று சாயங்காலம் வீட்டில் டோக்கன் அக்கா தட்டு வைக்கும்போது இரண்டு தடவை கரண்டியைக் கீழே போட்டாள். கணவர் என்னவென்று கேட்டார். மென்று விழுங்கி, கடைசியில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சரி, உனக்கே நிச்சயம் இல்லல்ல? மாத்தின அட்டையா கூட இருக்கலாம்."

"இருக்கலாம்."

"அப்புறம் எதுக்கு நீயா போய் தலையைக் குடுக்கற? அந்தம்மா நிம்மதியா இருக்கு. டாக்டர் போன்ல அடிச்சு சொல்லிட்டாரு. நீ போய் கிளப்பினா எத்தனை பேருக்குக் கேடு பாரு. அவருக்கு மானம் போகும், உனக்கு வேலை போகும், அந்தம்மாவுக்குப் புருஷனே போவான்."

"அவர் நான் சொல்லித்தாங்க போகணுமா? போனவரு போயாச்சு."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார். தட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு அவருக்கே பழக்கமில்லாத மெல்லிய குரலில், "நிச்சயமா தெரிஞ்சுக்க வழி எதுவும் இல்லையா?" என்று கேட்டார்.

வழி இருந்தது. அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்ததால்தான் அந்தக் காகித உறையைத் திரும்பத் தொடாமல் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டுக்கே போய்க் கதவைத் திறந்தாள். தொட்டியைக் கழுவவில்லை. அட்டையை எடுத்தாள், உறையிலிருந்து ஃபிலிமை எடுத்தாள். தீப்பெட்டிப் படம் அளவுதான். அதன் ஒரு மூலையில் குண்டூசித் தலை மாதிரி ஒரு சின்னப் புள்ளி, ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் குழி. ஃபிலிம் செய்கிற இடத்திலேயே அழுத்தி அனுப்புவது. மனிதர் எழுதுவது மாறும், அது மாறாது. மேடு நம் பக்கம் இருக்கும்படி பிடித்தால் நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். போனில் எடுத்த மங்கல் படத்தில் மேடும் தெரியாது, குழியும் தெரியாது, வேரின் வளைவும் சரியாகத் தெரியாது.

கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். எது மேடு எது குழி என்று முதலில் தெரியவில்லை. புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி தடவினாள். மேட்டைத் தன் பக்கம் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வேர்கள் மேலே, மேல்வாய்ப் பல்தான். வேருக்குள் மருந்து அடைத்த மூன்று வெள்ளைக் கோடுகள், அதில் ஒன்று தூண்டில் முள் போல வளைந்திருந்தது. வரிசையின் கடைசியில் நிற்கிற ஞானப்பல் அவளுடைய வலது கைப்பக்கம் இருந்தது. அப்படியென்றால் பெயின்டரின் இடது பக்கம். அட்டையிலோ அது வலது பல்லுக்கான மூலையில் முத்து முத்தாக எழுதியிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நோயாளிகள் சாய்கிற நாற்காலி. பத்தொன்பது வருடத்தில் அதில் உட்கார்வது அதுதான் முதல் தடவை என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

டாக்டர் வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. "என்னம்மா, பல் வலியா?" என்றார் அவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"சார், நான் அன்னிக்கு எல்லா அட்டையையும் மாத்தல. மாத்திட்டேன்னு பொய் சொன்னேன். பரண் பெட்டியில இருக்கறது பாதி அப்படியே இருக்கு. இவரோடதும்."

டாக்டர் ஃபிலிமை வாங்கினார். பார்ப்பதற்கு முன்னால் அவருடைய விரல் தானாகவே அந்த மூலைக்குப் போயிற்று. வெளிச்சத்தில் பிடித்தார். அட்டையைப் பார்த்தார். திரும்ப ஃபிலிமைப் பார்த்தார்.

"நான் போன்ல சொன்னப்போ நீ பக்கத்துலதானே நின்ன?"

"ஆமா சார்."

"உன்னைக் கேட்டேன்ல?"

"கேட்டீங்க சார்."

அவர் ஃபிலிமை உறையில் போட்டார். முகம் கழுவிக்கொண்டு வந்தார். போனை எடுத்தார். "தப்பு எங்க பக்கம் சார்" என்று அவர் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னபோது டோக்கன் அக்கா வாசல் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்க பக்கம் என்றாரே, அட்டை எழுதறவளோட தப்பு என்று சொல்லியிருக்கலாமே என்று நினைத்தபோதுதான் கண் கலங்கியது. துடைத்த பெஞ்சையே மறுபடியும் துடைத்தாள். மத்தியானம் போலீஸ்காரர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஃபிலிமை வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கும் மறுநாளும் டாக்டர் அவளோடு பேசவில்லை. வழக்கமாகக் குறடு, பஞ்சு, கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறவர், இப்போது கையை மட்டும் நீட்டினார். அவருக்கு அடுத்து என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், சரியாக எடுத்துக் கொடுத்தாள். ஆனால் அட்டை எழுதும்போது ஒவ்வொரு மூலைக்கும் பேனாவைத் தூக்கிக்கொண்டு ஒரு கணம் நின்றாள். கைப்பழக்கம் விட்டுப்போய், புதிதாகச் சேர்ந்தவள் மாதிரி எண்ணினாள். ஒரு பாட்டியின் அட்டையை மூன்று தடவை சரிபார்த்ததில் பாட்டி, "என்னடி, சொத்து எழுதி வாங்கற மாதிரி பாத்துக்கிட்டு இருக்க?" என்றாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் போன் வந்தது. மண்டையோட்டுப் பல்லை அதே கோணத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று கோடு, வளைந்த வேர், அடைத்த மருந்தின் ஓரம் வரைக்கும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்திவிட்டது. பெயின்டர்தான். மனைவிக்குப் போலீஸ்காரர் போய்ச் சொல்லிவிட்டார்.

அவள் வருவாள் என்று டோக்கன் அக்காவுக்குத் தெரியும். வாசலில் நிழல் விழும்போதெல்லாம் பேனாவைக் கீழே வைத்தாள். மூன்று தடவை அது வேறு யாரோ. நாலாவது தடவை அவள்தான். வேகமான நடை இல்லை. மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தப்பா எழுதினது நீங்களா?"

"நான்தாம்மா."

"ஒரு வாரமா அவர் சட்டையெல்லாம் எடுத்துத் துவைச்சுப் போட்டேன். வந்தா மாத்திக்க இருக்கட்டும்னு. பெயின்டுக் கறை போகவே இல்ல, கல்லுல போட்டு அடிச்சேன். பக்கத்து வீட்டுல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், வந்துருவாருன்னு." அவள் அழவில்லை. "இந்த ஒரு வாரத்த என்ன பண்றது?"

டோக்கன் அக்கா எழுந்து நின்றாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். வாய் வரவில்லை.

"நாளைக்குக் காலையில வாங்கிக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள் பெயின்டரின் மனைவி. "ரெண்டு பேர் கையெழுத்து போடணுமாம். நான் ஒண்ணு. எனக்கு வேற ஆள் இல்ல. நீங்க வாங்க."

"நானா?"

"அவரக் காணாம அடிச்சதும் நீங்க, கண்டுபுடிச்சதும் நீங்க. வேற யாரக் கூப்பிட?"

உள்ளேயிருந்து டாக்டர் ரப்பர் கையுறையோடு வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. "நாளைக்கு நீ இங்க வர வேண்டாம்" என்றார். இதோ, முடிந்தது என்று டோக்கன் அக்கா நினைத்தாள். அவர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, "அந்தம்மா கூடப் போ. சனிக்கிழமை காலையில சீக்கிரம் வந்துரு. அந்த ஏணி ஆடும், நான் புடிச்சுக்கறேன். ஆனா எழுதறது எல்லாம் நீதான், ஒரு எழுத்து நான் எழுத மாட்டேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை கணவர் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி வேனில் இரண்டு பெண்களையும் பிணவறை வாசலில் கொண்டுபோய் விட்டார். அடக்கத்துக்கு எடுத்துப்போகவும் அந்த வேன்தான். வேனின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த கரடிப் படத்தை நேற்று ராத்திரியே சுரண்டி எடுத்துவிட்டார், பாதி காதுதான் வரவில்லை. "நான் இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேனுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே ஒரு நீளமான நடை, சுவரோரம் பெஞ்சு, கடைசியில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் படிவத்தை நிரப்பினார். பெயின்டரின் மனைவியை எழுதி முடித்துவிட்டு டோக்கன் அக்காவைப் பார்த்தார்.

"நீங்க என்ன உறவு?"

"உறவு இல்ல. பல் டாக்டர்கிட்ட அட்டை எழுதறவ."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா" என்றார் எழுத்தர், படிவத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு. "சித்தி, அத்தை, நாத்தனார், ஏதாவது?"

"எதுவும் இல்லைங்க."

எழுத்தர் பெருமூச்சு விட்டு, உறவுக்கான இடத்தில் ஒரு கோடு போட்டார். டோக்கன் அக்கா கையெழுத்துப் போட்டாள். அதற்கு மேலே இருந்த வரிகளை, இடது, வலது, மேல், கீழ் என்று இருந்த எல்லாவற்றையும், ஒவ்வொரு சொல்லாகப் படித்துவிட்டுத்தான் போட்டாள். எழுத்தர் பேனாவுக்காகக் கை நீட்டியபடியே காத்திருந்தார்.

கூப்பிடும் வரை உட்காரச் சொன்னார்கள். பெஞ்சில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நடையில் யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள், மருந்து நெடி மூக்கில் ஏறியது. பெயின்டரின் மனைவி மடியில் ஒரு துணிப்பையை வைத்திருந்தாள். பையின் காதைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"எனக்குக் கல்யாணம் ஆனப்ப அவருக்கு இருபத்தாறு. உங்ககிட்ட வந்தப்ப இன்னும் சின்ன வயசு. நான் பாக்காத வயசு. எப்படி இருந்தாரு?"

டோக்கன் அக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

"பல்லு புடுங்கறப்ப அழுதாரா?"

ஒரு பதில் தயாராக நாக்கில் வந்து நின்றது. இல்லம்மா, தைரியமா இருந்தாரு, சிரிச்சுக்கிட்டே போனாரு. சொன்னால் இந்தப் பெண் அதை வைத்துக்கொண்டு எத்தனையோ வருடம் ஓட்டிவிடுவாள். யாருக்கும் நஷ்டமில்லை, யாரும் சரிபார்க்கவும் முடியாது. மாத்திட்டேன் சார் என்று சொன்ன அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது, ஒருத்தருக்கும் ஒன்றும் குறையாத மாதிரி.

"ஞாபகம் இல்லம்மா" என்றாள். "எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன். அவர் முகமே எனக்கு ஞாபகம் வரல. அந்தப் பல்லு மட்டும்தான் தெரியுது."

பெயின்டரின் மனைவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்படப் போகிறாள் என்று டோக்கன் அக்கா உடம்பைச் சுருக்கிக்கொண்டாள். ஆனால் அவள் துணிப்பையை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"அழுதிருப்பாரு" என்றாள். "சாரத்துல நாலு மாடி ஏறி நிப்பாரு. ஊசின்னா மட்டும் கொழந்தையை விட மோசம். ஒரு தடவை கையில ஆணி குத்தி ஊசி போடக் கூட்டிட்டுப் போனேன். நர்சு வர்றதுக்குள்ள பின்வாசல் வழியா ஓடியே போயிட்டாரு. நான் ரோட்டுல தொரத்திக்கிட்டு ஓடினேன்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறி, தோள்கள் குலுங்கின. டோக்கன் அக்கா தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை அந்தரத்தில் வைத்திருந்தாள். அதற்குள் நடையின் கடைசியில் கதவு திறந்தது. ஒருவர் கையில் காகிதத்தோடு வந்து பெயின்டரின் பெயரைப் படித்தார்.

"நாங்கதான்" என்று எழுந்தாள் அவர் மனைவி.